விழாவும் மறுநாட் காலையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் விழா எடுப்பதைப் பற்றியே பேசுவது பொருந்தும். எதைப் பேசுவது, எவ்வாறு பேசுவது என்பனவற்றை இலக்கிய வட்டங்கள் ஓயாது ஆராய்கின்றன. எவ்வாறு கூடுவது என்று ஆராய்வோர் சிலரே. கூடிக் கலைந்தபின் கூடிய இடம் என்னவாயிற்று என்று மறுநாட் காலை வந்து பார்ப்போர் அரியர். அந்த மறுநாட் காலையே இவ்வுரையின் பொருள்.

தமிழில் விழா ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் பழைய பகுதி ஒன்று மணிமேகலையின் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது. முதற்காதைக்கு விழாவறை காதை என்றே பெயர். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழா நெருங்குகிறது. முரசினை யானைமேல் ஏற்றிக்கொண்டு வள்ளுவ முதுமகன் விழாவை நகர்க்கு அறிவிக்கிறான். அந்த அறிவிப்பில் சாத்தனார் வைத்திருக்கும் வரிசைமுறை கவனிக்கத்தக்கது. நீர் நிறைந்த குடங்களையும் பாலிகைகளையும் வைக்கச் சொல்கிறான். குலையோடு கூடிய கமுகையும் வாழையையும் கரும்பையும் கொடிகளையும் நடச் சொல்கிறான். வீதியிலும் மன்றத்திலும் கிடக்கும் பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்பச் சொல்கிறான். இவ்வளவும் சொன்ன பிறகே நல்லுரை ஆற்றுவோரையும், பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடுவோரையும் அழைக்கிறான். முதலில் இடம்; பிறகு பேச்சு. பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுங்கள் என்ற அறிவுரையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். பட்டிமன்றம் நடத்துவோர் நினைவிற்கொள்ள வேண்டிய அறிவுரை அது.

விழாவுக்காகக் கொணரப்பட்டவை அனைத்தும் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பக்கூடியவை. அக்காலத்தார் சுற்றுச்சூழல் அறிஞர்களாய் இருந்தனர் என்று இதைக் கொண்டு பெருமை பேசுவது மிகையாகும். வேறு பொருள் அவர்களிடம் இல்லை, அவ்வளவே. மேலும், பழைய மணலை அள்ளிப் புது மணலைக் கொட்டியவர் யார் என்று காதை சொல்லவில்லை. விழாவின் ஒளி படாத அந்தக் கைகளைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது. ஆயினும் விழா என்பது இடத்தைப் பேணும் செயலோடு தொடங்கியது என்னும் செய்தி அதில் உறுதியாக உள்ளது. தேர் ஓட வேண்டுமாயின் வீதி செப்பமாக இருக்க வேண்டும். தெப்பம் மிதக்க வேண்டுமாயின் குளத்தில் நீர் இருக்க வேண்டும். ஊரைச் செப்பனிடுவதற்கு விழாவே ஒரு தவணையாக இருந்தது.

புது மணல் என்றதும் வாலாஜாபாத்தார்க்குப் பாலாறு நினைவுக்கு வராமல் இராது. இந்த ஊரின் வழியே ஆண்டுதோறும் ஒரு விழா ஆற்றை நோக்கிச் செல்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் எழுந்தருளும் பார்வேட்டை விழாவே அது. அங்கு மலைமேல் ஏறி இறங்கி, பழையசீவரத்து இலட்சுமி நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து திருமுக்கூடலை அடைகிறார். சாலவாக்கத்துப் பெருமாளும் காவாந்தண்டலத்துப் பெருமாளும் அங்கே வந்து சேர்கின்றனர். திருமுக்கூடலிலேயே கோயில்கொண்ட வேங்கடேசப் பெருமாளோடு ஐவரும் கூடிக் காட்சி தருகின்றனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. ஐந்து ஊர்த் தெய்வங்கள் மூன்று ஆறுகளின் மணலில் சந்திக்கும் விழாவுக்கு ஈடான கற்பனை கவிஞர்க்கும் எளிதில் வாய்க்காது.

இவ்விழாவின் அமைப்பையே நோக்கினால், இதற்கு மேடை ஆறுதான். மணலும் ஊற்றும் இருந்தால்தான் மேடை உண்டு. அந்த மணல் பல்லாண்டுகளாக லாரி லாரியாகப் போன கதையை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எஞ்சிய மணலில்தான் இன்றும் குடிநீர்க் கிணறுகள் நிற்கின்றன. கரையூர்களுக்கு மட்டுமன்றிச் சென்னையின் தென்புறநகர்களுக்கும் பாலாற்று நீர் குழாய்வழிப் போகிறது. விழாக்காண வருவோர் கையில் நெகிழித் தம்ளரும், பிரசாதம் வைத்த பூச்சுத் தட்டும், தண்ணீர்ப் பாக்கெட்டும் இருக்குமாயின், அவை விழும் இடம் ஊர் குடிக்கும் நீரின் கூரையாகும். ஆற்றுமணல் மழைநீரை வடித்து உள்ளே விடும் சல்லடை. சல்லடையின் கண்கள் தாள்தாளாய் அடைபட்டால் நீர் இறங்குவது எங்ஙனம்? கிடந்ததைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் தூய்மை ஆயிற்று என்று கருதுவோரும் உளர். எரிந்த நெகிழியின் சாம்பலும் அதே சல்லடைக்குள்ளேயே இறங்குகிறது.

திருமுக்கூடலைப் பற்றிப் பேசும்போது அக்கோயிற் சுவரிலுள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டை விட்டுவிட்டுப் போக மனம் வராது. பதினோராம் நூற்றாண்டினது, கல்லில் எழுதிய ஒரு வரவுசெலவுத் திட்டம் என்றே அதைச் சொல்லிவிடலாம். கோயில் வழிபாட்டுக்கும் விழாவுக்கும் இவ்வளவு நெல். வேதம் முதலியன பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் இவ்வளவு. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலைக்கு இவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கான எண்ணெயையும் மறக்கவில்லை. கூடி வாழும் இடத்தில் எது எவ்வளவு செலவாகும், அதை யார் கொணர்வார், யார் செய்வார் என்று முன்கூட்டியே வகுத்தவர்களின் ஒழுங்கு அதில் தெரிகிறது. இன்றைய விழா அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குவோர் பெயர் பன்னிரண்டு இருக்கும். தண்ணீர் யார் பொறுப்பு, குப்பை யார் பொறுப்பு என்று ஒரு துண்டுத்தாளிலும் இராது.

பெருங்கூட்டம் என்றால் என்ன என்பதை இவ்வட்டாரம் 2019-இல் நேரிற் கண்டது. அத்திவரதர் 1979-க்குப் பின் நாற்பதாண்டு கழித்து அனந்தசரசிலிருந்து வெளிவந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள். முதல் முப்பத்தொரு நாள் கிடந்த கோலம், பின்னர்ப் பதினேழு நாள் நின்ற கோலம். வந்து சென்றோர் ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. ஜூலை 18 அன்று நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. விழாவை ஒட்டிக் குளம் இறைக்கப்பட்டுத் தூர்வாரப்பட்டது. இடத்தைப் பேணும் தவணை என்று மேலே குறித்ததற்கு இது கண்கூடான சான்று. அதே வேளையில், அந்நாற்பத்தெட்டு நாளும் இரவுபகலாகத் தெருக்களைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்களை நினைக்க வேண்டும். வெளியூர்களிலிருந்தும் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். தரிசனத்துக்கு வந்தவர் தம் ஊர் திரும்பிய பிறகும் அவர்களுக்கு வேலை தீரவில்லை. மணிமேகலைக் காதையில் பெயரற்றிருந்த கைகள் இவையே. பிறர் தின்ற இலையோடு நெகிழியும் கலந்து நாறிய குவியலில் கைவிட்டுப் பிரிக்கும் வேலை இன்றும் சில குடும்பங்களின் தலையிலேயே விழுகிறது. ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று பிரித்துப் போடுவதைத் தூய்மை இயக்கத்தின் பாடமாகவே சொல்லி வருகின்றனர். அது சாதியைப் பற்றிய பாடமும் ஆகும் என்பதை இலக்கிய மேடையிலாவது உரத்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகை நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. அப்பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால் அது ஒரு விழாவின் பொருட்பட்டியலைப் போலவே இருக்கும். சாப்பாட்டு மேசைமீது விரிக்கும் நெகிழித் தாள், தெர்மாகோல் தட்டு, நெகிழிப் பூச்சுடைய காகிதத் தம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், நெகிழிக் கொடி ஆகியன அதில் அடங்கும். துணி போலத் தோன்றும் நெய்யாத நெகிழிப் பையும் அதில் உண்டு. தாம்பூலப்பை என்று திருமண வீடுகளில் கொடுத்துவந்தது பெரும்பாலும் அதுவே. காகிதத் தம்ளர் காகிதம்தானே என்று பலர் நம்பினர். தேநீர் ஊறாமல் காப்பது உள்ளே பூசிய மெல்லிய நெகிழிப் படலம். காகிதம் மக்கினாலும் அப்படலம் மக்காது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளோ, நூறு பேருக்கு மேற்பட்டோர் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும் என்றும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்றும் விதித்தன. இலக்கியக் கூட்டத்துக்கு நூறு பேர் வந்தால் அதையே தனி விழாவாகக் கொண்டாடலாமே என்று நகைப்போர்க்கும் இடமுண்டு.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தன, மணல் போயிற்று, ஒரகடம் முதல் திருப்பெரும்புதூர் வரை ஏரிப் பாசன நிலங்களெல்லாம் தொழிற்பேட்டைகள் ஆயின. இவ்வளவுக்கும் நடுவே நாற்பது கவிஞர்கள் தேநீர் குடித்த தம்ளரா ஆற்றைக் கெடுக்கப்போகிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. அளவில் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆயினும் அந்த ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டத்தில் ஆழ ஊன்றியது. 2025 சனவரியில் அதே பாலாற்றுக்காக அந்நெறி மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆலைக்கு ஓர் அறம், அவைக்கு ஓர் அறம் என்று பிரிக்க வழியில்லை. ஆற்றைப் பற்றிக் கவிதை பாடிய அரங்கின் வாசலில் நூறு தம்ளர் சிதறிக் கிடந்தால், ஆலை முதலாளியின் முன் அக்கவிதைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

தொழிற்பேட்டையிடமிருந்து கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. வாலாஜாபாத்திலிருந்து நாள்தோறும் ஆலைப் பேருந்தில் ஒரகடம் செல்லும் இளைஞர்கள், தொழிற்கூடத்துக்குள் வண்ணம் தீட்டிய தொட்டிகளில் எண்ணெய்த்துணியை ஒன்றிலும் அட்டையை ஒன்றிலும் போட்டுப் பழகியவர்கள். எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் என்னும் சப்பானிய முறையில் பயிற்சி பெற்றவர்களும் அவர்களுள் உளர். அதே இளைஞர் ஊர்த் திருவிழாவில் குடித்த பாட்டிலைக் காலடியில் போட்டுவிட்டுப் போகிறார். வாயிலைக் கடந்ததும் அவர் பண்பு மாறிவிடவில்லை. உள்ளே நான்கடிக்கு ஒரு தொட்டி இருந்தது; வெளியே நானூறு அடிக்கும் இல்லை. மக்களுக்குப் பொறுப்பில்லை என்று மேடையேறி இடித்துரைப்பது எளிது. தொட்டி வைப்பதற்கு முதல்நாளே ஆள் வேண்டும்.

வட்டத்தின் மாதக் கூட்டத்தையே எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். அறுபது பேர், இருமுறை தேநீர், ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டம் என்று கொண்டால் பத்தாண்டில் 14,400 தம்ளர். எவர்சில்வர் தம்ளராயின் அறுபது போதும். ஊர்தோறும் பந்தற் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை உண்டு. திருமணத்துக்கு அங்கே போகும் கால்கள் இலக்கியக் கூட்டத்துக்கு மட்டும் காகிதத் தம்ளர்க் கடைக்குத் திரும்புகின்றன. காரணம் விலையன்று, கழுவ ஆளில்லை என்பதே. கழுவுவோர்க்குக் கூலி என்று ஒரு தொகை வரவுசெலவில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு அது கேள்வியே ஆகாது. ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுக்க எவரும் தயங்கியதில்லையே!

அடுத்தது பதாகை. துணியில் ஓவியர் தூரிகையால் எழுதிய காலம் போய், அச்சடித்த பிளெக்ஸ் வந்தது. நாளும் தலைவர் படமும் அதில் அச்சாகிவிடுவதால் மறுமுறை அதற்குப் பயனில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையாகிச் சில ஆண்டில் பொடிந்து மண்ணில் கலக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. வட்டத்தின் பெயரை மட்டும் எழுதிய நல்ல துணிப் பதாகை ஒன்று பத்தாண்டு தாங்கும். அன்றைய நாளையும் தலைப்பையும் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொள்ளலாம். எழுதுவதற்கு அழகிய கையெழுத்துடைய கவிஞர் ஒருவர் கூடவா கிடைக்கமாட்டார்?

பொன்னாடையைத் தொடுவது சற்று இடர்ப்பாடானது. போர்த்தியவர் முகமும் நினைவில் நில்லாத அளவு பொன்னாடைகள் பல எழுத்தாளர் வீட்டுப் பரண்களில் அடுக்கிக் கிடக்கின்றன. பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனவை; உடுக்கவும் ஆகா, துவட்டவும் ஆகா. ஐயம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் கூப்பிடு தொலைவில் இருக்கையில், அங்குள்ள நெசவாளர் நெய்த ஒரு துண்டு அல்லது ஒரு நூல் அதனினும் மேலான சிறப்பு அல்லவா?

இவற்றினும் பெரியது, வருவோர் பயணம். வெளியூர்ச் சிறப்புப் பேச்சாளர் ஒருவர் தனிக்காரில் வந்து போகும் எரிபொருளுக்கு எத்தனை தம்ளரும் ஈடாகா. வாலாஜாபாத்துக்குச் செங்கற்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதை உண்டு; வண்டலூர்ச் சாலையிலும் காஞ்சிச் சாலையிலும் பேருந்து உண்டு. நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இடம் தேர்ந்து, ஞாயிறு பிற்பகலில் தொடங்கினால் விளக்கும் வேண்டா, ஜெனரேட்டரும் வேண்டா. ஆனால் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். பத்து நிமிடம் தரப்பட்ட பேச்சாளர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வதால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர், அடுத்த கூட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறார், அல்லது வராமலே இருந்துவிடுகிறார். சுருங்கச் சொல்லலை அழகுகளுள் முதலாவதாக வைத்த இலக்கணத்தார்க்கு எரிபொருள் சிக்கனமும் தெரிந்திருக்கும் போலும்!

பிற நாடுகளும் இவ்வழியில் முயன்றுள்ளன. 1994-இல் நார்வேயின் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் மாவுச்சத்தால் ஆன தட்டுகள் பயன்பட்டன. நிகழ்ச்சிகளைச் சூழல் கெடாது நடத்துவதற்கான ஐ.எஸ்.ஓ. 20121 என்னும் அனைத்துலகத் தரநெறி 2012 இலண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி வெளிவந்தது. அண்டை மாநிலமான கேரளம் இன்னும் நெருங்கிய சான்று. 2015-இல் அங்கு நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ‘பசுமை நெறிமுறை’ என்ற பெயரில், எறியும் தட்டுக்கும் தம்ளருக்கும் மாற்றாகக் கழுவிப் பயன்படுத்தும் கலங்கள் கொணரப்பட்டன. பின்னர் அம்முறை திருமண வீடுகளுக்கும் ஆற்றுகால் பொங்காலை போன்ற பெருவிழாக்களுக்கும் பரவியது. அரசு ஆணையிட்டது உண்மை. ஆனால் கலங்களைக் கழுவி அடுக்கக் குடும்பசிரீ மகளிர் போன்றோர் இருந்தமையால்தான் அது நிலைத்தது. தமிழகத்திலோ எந்த ஆணையும் இன்றிச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வூர்க் குழந்தைகளுக்குத் தீபாவளி இல்லாமற் போய்விடவில்லை.

இனி, செய்ய வேண்டியது யார் என்ற கேள்வி. வாலாஜாபாத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பொது ஆண்டு 919, 921-ஐச் சேர்ந்தவை, ஊராட்சியை வாரியங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் பிறகு பொறுப்புக்கு வர இயலாது. குடவோலையைப் போற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கு விதியை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர். வட்டங்கள் பண வரவுசெலவை ஆண்டுதோறும் படிக்கின்றன. வாங்கிய தம்ளர் எத்தனை, மிஞ்சிய சோறு எவ்வளவு, யாருக்குப் போயிற்று, இலை எருக்குழிக்குச் சென்றதா, மாட்டுக்குச் சென்றதா, குப்பைமேட்டுக்குச் சென்றதா என்றொரு கணக்கும் அதனோடு படிக்கப்படலாம். இலை மட்டும் தனியே இருந்தால் மாட்டுக்கு உணவு. நெகிழி கலந்துவிட்டால் அதே இலை மாட்டுக்கு நஞ்சு. முழு வேறுபாடும் இரண்டு கூடைகளில் அடங்கியிருக்கிறது.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு மூவர் கொண்ட விழா வாரியம் ஒன்றை இந்த அவையே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் பேசவும் வேண்டா. கவிதை படிக்கவும் வேண்டா. மாட்டுப் பொங்கலுக்கு முன்னர் வாலாஜாபாத் வழியில் அன்னதானம் செய்வோரையும் நீர்மோர்ப் பந்தல் வைப்போரையும் கண்டு, தம்ளருக்கும் கூடைக்கும் வழிசெய்து கொடுப்பது அவர்தம் முதற்பணியாகலாம். அதற்குமுன் அடுத்த மாதக் கூட்டம் வருகிறது. வாடகைத் தம்ளர் அறுபதையும் மறுநாட் காலை எண்ணிக் கடையில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார். எண்ணுவதற்கு யார் வருவது என்பதைத் தலைவர் அவர்கள் முடிவுரைக்கு முன்பே கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டால் நன்று.